எரியாத சவரம்

சவரம் முடிந்ததும் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்க்காத ஆண் குறைவு. எங்காவது சொரசொரத்தால் அந்த இடத்தில் இன்னும் ஒரு இழுப்பு இழுப்பார். தொல்லையில் பாதி அந்த இழுப்பில்தான் தொடங்குகிறது. முதல் இழுப்பிலேயே முடியோடு நுரையும் போய்விட்டது. இரண்டாவது இழுப்பு வெறும் தோலின் மேல் ஓடுகிறது. முடி இல்லாத இடத்தில் பிளேடுக்கு வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? தோலின் மேலடுக்கைச் சுரண்டிக்கொண்டு போகும்.

எளிதில் எரியும் தோல் உள்ளவர்கள் மொழுமொழு முகத்தின் மேல் உள்ள ஆசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் பாதிக்கு வேலை இருக்காது. தாடி முடி ஒரு நாளில் வளர்வதே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவு முடியை முகத்திலேயே விட்டுவைத்தால் எதிரே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது, உங்கள் விரலுக்கு மட்டும்தான் தெரியும். இந்த அத்தியாயத்தில் இனி வருவதெல்லாம் அந்த அரை மில்லிமீட்டரைத் தோலுக்கு விட்டுக்கொடுக்கும் வழிகள்.

உங்களுக்கு இருப்பது எந்தத் தொல்லை?

'சென்சிட்டிவ் ஸ்கின்' என்று அச்சடித்த டியூபை வாங்குவதற்கு முன் கண்ணாடி முன் நின்று ஒரு முறை நன்றாகப் பாருங்கள். சவரத்தால் வரும் தொல்லைகள் நாலைந்து வகை. எல்லாவற்றையும் நாம் 'ஷேவிங் அலர்ஜி' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது, சில நேரம் கெடுக்கவும் செய்யும்.

பிளேடை வைத்த சில நிமிடங்களில் காந்தல் எடுத்து ஓரிரு நாளில் தானாக அடங்கினால் அது வெறும் உராய்வு எரிச்சல். வெள்ளைத் தோலில் பளிச்சென்று சிவந்து தெரியும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. லேசான கருஞ்சிவப்பும் தண்ணீர் பட்டால் சுரீரென்ற எரிச்சலும்தான் அடையாளம். மொட்டைப் பிளேடு, அழுத்தம், போதாத நுரை ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

சவரம் செய்த அன்று ஒன்றும் இல்லாமல், இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்திலும் தாடை ஓரத்திலும் கடுகு கடுகாகக் கட்டிகள் கிளம்பினால் விஷயம் வேறு. வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கட்டிக்குள் ஒரு முடி வளைந்து படுத்திருப்பது சில இடங்களில் தெரியும். வெட்டுப்பட்ட முடியின் நுனி சாய்வாக, ஊசி போலக் கூராக இருக்கும். சுருட்டை முடி வளரும்போதே வளைந்து பக்கத்துத் தோலுக்குள் குத்திக்கொண்டு இறங்கும். மிக ஒட்ட வெட்டியிருந்தால் வெளியே வராமலேயே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளுக்குள் வளரும். உடம்பு அதை முள் குத்தியதாகவே எடுத்துக்கொண்டு வீங்குகிறது. தலைமுடி சுருட்டையாக உள்ளவர்களுக்கும், தலைமுடி நேராக இருந்தும் தாடி மட்டும் சுருண்டவர்களுக்கும் இது அதிகம். எத்தனை விலை உயர்ந்த லோஷனைத் தடவினாலும் இது போகாது, வெட்டும் முறையை மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது, கிருமி. ஒவ்வொரு மயிர்க்காலிலும் மஞ்சள் முனையோடு சிறு சீழ்க்கொப்பளம் இருந்தால் பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை. வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் சற்றே தெளிந்து, அரிப்பும் இருந்தால் படர்தாமரை. அது தாடிக்குள்ளும் வரும்.

நான்காவதுதான் உண்மையான அலர்ஜி. இதில் எரிச்சலைவிட அரிப்பு மிகும். பிளேடு பட்ட இடத்தோடு நிற்காமல் கிரீமோ லோஷனோ பட்ட இடமெல்லாம், காது மடல் வரைக்கும் கண்ணிமை வரைக்கும் போகும். பெரும்பாலும் வாசனைப் பொருள்தான் குற்றவாளி. மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறவர்கள் இன்னொன்றையும் சந்தேகிக்க வேண்டும். கறுப்பு டைகளில் உள்ள பிபிடி என்ற பாராபினைலின் டையமின் கடுமையான அலர்ஜி தரக்கூடியது. மேலுதடு மட்டும் தடித்து நீர் வடிந்தால் ஷேவிங் கிரீமைத் திட்டாதீர்கள், டையை நிறுத்துங்கள். 'ஹெர்பல்', 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் வரும் சில பாக்கெட்டுகளிலும் பிபிடி இருக்கிறது.

தண்ணீர்

நம் வீடுகளில் சவரம் செய்தால் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் எல்லாரும் குளிப்பதற்கு முன்னால்தான் சவரம் செய்கிறோம். தூங்கி எழுந்த முகம், காய்ந்த முடி, அவசரமாக இரண்டு கை தண்ணீர், உடனே பிளேடு. தோலைப் பொறுத்தவரை இதைவிட மோசமான நேரம் கிடையாது. காய்ந்த தாடி முடி விறைப்பானது. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் அது உப்பி இளகுகிறது. அதை வெட்டத் தேவையான பலம் வெகுவாகக் குறைகிறது. பிளேடு முடியைப் பிடித்து இழுப்பதற்கும் வழுக்கிக்கொண்டு வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது.

வழக்கத்தை மீற வேண்டியதில்லை. குளியலின் நடுவில் சவரத்தை வையுங்கள். முதலில் தலைக்கோ உடம்புக்கோ ஊற்றிக்கொண்டு, முகத்தை நன்றாக நனைத்து, மென்மையான ஃபேஸ்வாஷால் எண்ணெய்ப்பசையைக் கழுவிவிட்டு, பிறகு சவரம். அது முடிந்ததும் மீதிக் குளியல். குளியலறையில் கண்ணாடி இல்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் மூன்று நிமிடம் வைத்துக்கொண்டாலும் அதே பலன்தான். வெதுவெதுப்பு என்றால் வெதுவெதுப்புதான். ஆவி பறக்கும் துண்டு விளம்பரத்தில் நன்றாக இருக்கும். எரியும் தோலுக்கு அது முதல் அடி.

குளியலுக்கு முன்னால் சவரம் செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாகச் சிரைத்த முகத்தின் மேல் ஷாம்பூ நுரையும் சோப்பும் வழிந்து இறங்கும். நிறையப் பேருக்கு எரிவது பிளேடால் அல்ல, இதனால்தான். அன்றைக்குத் தலைக்குக் குளிப்பதாக இருந்தால் ஷாம்பூவை முதலில் முடித்துவிடுங்கள்.

தண்ணீரின் தரத்தையும் சொல்ல வேண்டும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் ஷேவிங் கிரீம் எவ்வளவு பிதுக்கினாலும் நுரை நிற்பதில்லை, இரண்டு நிமிடத்தில் உலர்ந்து வெள்ளைத் தூளாக முகத்தில் ஒட்டிக்கொள்கிறது என்ற புகார் பழையது. கிரீமின் மேல் தவறு இல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத கசடாக மாறிவிடுகின்றன. நுரையாக வேண்டியது அழுக்காகித் தோலில் படிகிறது. சவரத்துக்குத் தேவை ஒரு குவளைத் தண்ணீர்தான். ஆர்.ஓ. தண்ணீரையோ கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவமாக இறங்கிவிடும். பிளேடு, கிரீம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துப் பலன் இல்லாதவர்கள் இந்த ஒரு குவளையை மாற்றிப் பாருங்கள்.

நுரை

குளிக்கிற சோப்பைத் தேய்த்துச் சவரம் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரணக் குளியல் சோப்பின் பிஹெச் அளவு 9 முதல் 10 வரை. தோலின் இயல்பு 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை. காரமான சோப்பு தோலின் எண்ணெய்க் காப்பைக் கழற்றுகிறது, அடுத்த நொடியே அங்கே பிளேடு வருகிறது. ஷேவிங் கிரீமும் அடிப்படையில் சோப்புதான், அதிலும் காரம் உண்டு. ஆனால் அதில் கிளிசரினும் கூடுதல் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் நுரை கெட்டியாக நிற்கிறது, ஈரம் போகாமல் பிடித்து வைக்கிறது, பிளேடு வழுக்க இடம் கொடுக்கிறது.

டியூபில் வரும் கிரீம், டப்பாவில் வரும் கட்டி, புஸ்ஸென்று வரும் ஃபோம், ஜெல் என்று எது நல்லது? என் கணிப்பில் ஃபோம் கடைசி. பெரும்பகுதி காற்று, முகத்தில் மலைபோல் நிற்கும், முடியின் அடியில் ஈரம் சேராது. அவசரத்துக்கு வசதி, அவ்வளவுதான். கிரீமைப் பட்டாணி அளவு எடுத்து, ஈரப் பிரஷ்ஷால் ஒரு நிமிடம் குழைத்தால் வரும் நுரை நன்றாக இருக்கும். தோல் மிகவும் எரிகிறவர்கள் பிரஷ்ஷைவிட விரலால் தடவுவது நல்லது, பிரஷ்ஷின் மயிரே சிலருக்கு உறுத்தும். சோப்பு அடிப்படையில் இல்லாத, நுரைக்காத ஷேவிங் ஜெல்லும் கிரீமும் கிடைக்கின்றன. உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு அவை பொருந்தும். ஒன்றும் கிடைக்காத அன்றைக்கு, மணமில்லாத மாய்ஸ்சரைசர் லோஷனை ஈர முகத்தில் தடிமனாகத் தடவிச் சவரம் செய்யலாம். பிளேடை அடிக்கடி அலச வேண்டியிருக்கும்.

வாங்கும்போது முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். மெந்தால், கற்பூரம், எலுமிச்சை எண்ணெய், 'பர்ஃபியூம்' என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். மெந்தால் தோலைக் குளிரச் செய்வதில்லை. குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவே. எரிச்சல் இருக்கும் இடத்திலேயே இருக்கும், அதை நீங்கள் உணராமல் இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பீர்கள்.

புதுக் கிரீமையோ லோஷனையோ நேரே முகத்தில் போடாதீர்கள். தோலில் தங்கும் வகை என்றால் முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் தடவிப் பாருங்கள். கழுவிவிடும் வகை என்றால் சவரத்துக்கு ஆகும் நேரம் மட்டும் அங்கே வைத்துக் கழுவுங்கள். ஷேவிங் கிரீமைக் கையில் பூசி இரவு முழுக்க விட்டால் யாருக்கும் அரிக்கும், அதை வைத்து அலர்ஜி என்று முடிவுகட்டக் கூடாது.

பிளேடு

இரட்டைப் பிளேடு ரேசர் 1971-ல் வந்தது. அதன்பின் மூன்று, ஐந்து என்று எண்ணிக்கை ஏறியது. முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கும். முடி மறுபடி உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடும். மிச்ச முடி தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். மொழுமொழுப்பின் ரகசியம் இதுதான். முடி உள்ளுக்குள் வளரும் தொல்லைக்கும் இதுவேதான் பிறப்பிடம். கழுத்தில் கட்டி வருகிறவர் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜுக்குச் செலவழிப்பது வீண் செலவுக்கும் மேலே, தொல்லையைக் காசு கொடுத்து வாங்குவது.

அவருக்கு ஒற்றைப் பிளேடு போதும். இந்தியாவில் அது மலிவாகவும் கிடைக்கிறது. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஜில்லெட் நிறுவனம் 2002-ல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசரைக் கொண்டுவருவதற்கு முன் அதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு ரேசரை அலசினார்கள், குறை ஒன்றும் தெரியவில்லை. இங்கே வந்தபோது, ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி முக்கிச் சவரம் செய்கிறவர்களிடம் முடி உள்ளே அடைத்துக்கொண்டது. பிறகு நிறுவனத்தார் இங்குள்ள வீடுகளுக்கே வந்து ஆண்கள் சவரம் செய்வதை உட்கார்ந்து பார்த்து, 2010-ல் ஒற்றைப் பிளேடு வைத்த 'கார்டு' ரேசரை 15 ரூபாய்க்கும் மாற்றுப் பிளேடை 5 ரூபாய்க்கும் விற்றார்கள். மலிவுக்காக ஒரு பிளேடு வைத்தது, தோல் எரிகிறவர்களுக்கு ஆதாயமாகப் போயிற்று.

பழைய ஷேவிங் செட் வைத்திருக்கிறவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதுவும் ஒற்றைப் பிளேடுதான். ஆனால் கார்ட்ரிட்ஜில் கோணத்தை ரேசரே பார்த்துக்கொள்கிறது, செட்டில் அதை உங்கள் மணிக்கட்டு பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேடு தோலில் ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில் படும்படி கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்து, ரேசரின் எடையை மட்டும் இறக்குங்கள். கை பழகும்வரை வெட்டுப்படும். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிளேடை எப்போது மாற்றுவது? முடி பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது, பிறகு எப்படிப் பிளேடு மழுங்குகிறது என்று அதே எம்ஐடியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். தேய்ந்து மழுங்குவதைவிட, முடி வளைந்து பிளேடு ஓரத்தைப் பக்கவாட்டில் அழுத்தும்போது ஓரத்திலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்வதுதான் பெரிய காரணம். சில்லு பெயர்ந்த ஓரம் தோலில் ரம்பம் போல ஓடும். தேதி வைத்து மாற்றாதீர்கள். முதல் இழுப்பில் முடியைப் பிடித்து இழுக்கும் உணர்வு வந்தால் அந்தப் பிளேடின் காலம் முடிந்தது. அடர்த்தியான தாடிக்கு, ஷேவிங் செட்டில் போடும் இரட்டை முனைப் பிளேடு மூன்று நான்கு சவரம் தாங்கினால் அதிகம். அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே உலர வையுங்கள். துண்டால் துடைக்காதீர்கள், ஓரமும் கெடும், துண்டும் கிழியும். பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாமல், மூடியில் கீறிய பழைய டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் டேப் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கை

தாடி வளரும் திசை முகத்தில் ஒரே மாதிரி இருக்காது. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் சிலருக்கு மேல்நோக்கி, சிலருக்குக் காதை நோக்கி, குரல்வளைக்குப் பக்கத்தில் சுழியாக. இரண்டு நாள் தாடியோடு இருக்கும்போது விரல் நுனியால் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கும் பக்கம்தான் முடி சாயும் பக்கம். ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டினாலும் தப்பில்லை. கழுத்துக்கு அது நிச்சயம் தேவைப்படும்.

முடி சாயும் பக்கமாகவே இழுங்கள். கீழிருந்து மேலாக எதிர்த்து இழுப்பது வேண்டாம். ஒரு தடவை போதாது என்றால், மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு தடவை. அதற்கு மேல் எரிகிற தோலுக்கு அனுமதி இல்லை. தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சவரம் செய்வது நமக்குப் பழக்கம். இழுத்துப் பிடித்தால் முடி வெளியே நீண்டு வெட்டுப்படும், விட்டதும் தோல் மட்டத்துக்கு உள்ளே போய்விடும். உள்முடித் தொல்லை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் விட வேண்டும். மடிப்பு விழும் இடத்தில் தட்டையாக்கும் அளவு லேசாகப் பிடித்தால் போதும்.

கன்னத்தில் தொடங்கி, கழுத்துக்கு வந்து, முகவாயையும் மேலுதட்டையும் கடைசியில் வையுங்கள். அங்கேதான் முடி தடிப்பு, ஊறுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள். கட்டி இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள், அதன் தலையைச் சீவாதீர்கள். உள்ளே வளைந்த முடியை ஊசியால் தோண்டுவதும் பிடுங்குவதும் வேண்டாம். வளையம் தோலுக்கு மேல் தெரிந்தால் நுனியை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். வேரோடு பிடுங்கினால் அடுத்த முடி இன்னும் ஆழத்திலிருந்து புறப்படும்.

பிறகு

குளிர்ந்த தண்ணீரில் அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள், முகத்தில் ஈரம் இருக்கும்போதே, மணமில்லாத மாய்ஸ்சரைசர். இதோடு வேலை முடிந்தது. ஆனால் நம்மூரில் இங்கேதான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறோம்.

படிகாரம் கெட்டதல்ல. பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த அந்த உப்பு சிறு வெட்டில் ரத்தத்தை நிறுத்தும், கிருமியையும் ஓரளவு கட்டுப்படுத்தும். முகம் முழுக்கத் தேய்த்து அப்படியே உலர விட்டால் தோல் இறுகி வறண்டு போகும். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் ஈரக்கட்டியைத் தொட்டு, அரை நிமிடத்தில் கழுவிவிடுங்கள். ஆஃப்டர் ஷேவ் லோஷனில் பெரும்பகுதி ஆல்கஹாலும் வாசனையும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நம்புகிற தலைமுறை ஒன்று இருந்தது. எரிவது தோல் காயப்பட்டிருக்கிறது என்பதன் அறிகுறி, வேறொன்றும் இல்லை.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் தயவுசெய்து தடவாதீர்கள். அமிலத்தின் எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். எலுமிச்சை வகைகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் தோலில் பட்டபின் வெயில் பட்டால் அந்த இடம் கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லதுதான், ஆனால் பருவும் கட்டியும் வருகிற முகத்தில் மயிர்க்காலை அடைக்கக்கூடும். கற்றாழையின் உள்கூழ் குளிர்ச்சி தரும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள், அந்தப் பால் தோலை உறுத்தும்.

நம் நிறத்துக்குச் சிவப்பைவிடக் கருமைதான் பெரிய கவலை. கட்டி போன இடத்தில் கறுப்பு தட்டி, வெயில் பட்டால் இன்னும் ஏறும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைக் காலையில் கழுத்து வரை பூசுவது இதற்கான மலிவான மருந்து. பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட் பட்டை தாடைக்குக் கீழே உரசுவதையும் கவனியுங்கள். காலையில் சிரைத்த கழுத்தில், வியர்வையோடு அழுக்குப் பட்டை ஒரு மணி நேரம் உரசினால் எந்தக் கிரீமும் காப்பாற்றாது. பட்டையைத் துவைக்கலாம், அல்லது இரவில் சவரம் செய்யலாம். எரியும் தோலுக்கு இரவுச் சவரம் பொதுவாகவே நல்லது, தோல் ஆறுவதற்கு எட்டு மணி நேரம் கிடைக்கிறது.

சலூனில்

நல்ல கை உள்ள சவரத் தொழிலாளி உங்களைவிட நன்றாகவே சிரைப்பார். பயப்பட வேண்டியது கருவிகளுக்குத்தான். பெரும்பாலான கடைகளில் பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுகிறார்கள். அதில் குற்றம் இல்லை, ஒவ்வொருவருக்கும் புதுப் பாதியாக இருந்தால். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். உட்கார்ந்ததும் "அண்ணே, புது பிளேடு போட்டுடுங்க" என்று சொல்லி, உறை பிரிவதைக் கண்ணால் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கத்தியின் பிடியை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்ததற்கே 'சுத்தம்' என்று பெயர் வைத்துவிடக் கூடாது.

பலரும் பிளேடைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். எல்லா முகத்திலும் தேய்த்த அதே படிகாரக் கட்டி, அதே நுரைப் பிரஷ், கடைசியில் பவுடர் தட்டும் அதே பஞ்சு. படர்தாமரையும் சீழ்க்கொப்பளமும் ஏறிவர இவை போதும். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரைமயிர்ப் பிரஷ்களால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் நோயே வந்திருக்கிறது. சொந்தப் பிரஷ், சொந்தத் துண்டு, சின்ன டியூப் கிரீம் மூன்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முடி வெட்டி முடிந்ததும் பின்கழுத்தைப் பிளேடால் ஒதுக்குவார்கள். சுருட்டை முடிக்காரர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சிலருக்கு அங்கே கட்டிகள் கிளம்பி, ஆறாமல் தடித்த தழும்பாகவே நின்றுவிடும். மெஷினில் ஒதுக்கினால் போதும்.

பிளேடே வேண்டாம் என்றால்

முடி உள்ளே வளரும் தொல்லை உள்ளவருக்கு நான் சொல்லும் முதல் யோசனை ரேசர் அல்ல, டிரிம்மர். ஒரு மில்லிமீட்டர் சீப்பு மாட்டி இரண்டு நாளுக்கு ஒரு முறை ஓட்டினால் முகம் ஒழுங்காகவே இருக்கும். முடியின் நுனி தோலுக்கு வெளியே நிற்பதால் உள்ளே குத்த வழியில்லை. சீப்பில்லாமல் தோலோடு அழுத்தி ஓட்டினால் ரேசரின் குறை இதற்கும் வந்துவிடும். எலக்ட்ரிக் ஷேவர் வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தோலுக்குப் பழக்கம் ஏற்படும்வரை எரியலாம், முதல் நாளே தூக்கி வைத்துவிடாதீர்கள்.

கட்டி கடுமையாக இருந்தால் முதலில் ஒரு மாதமாவது பிளேடுக்கு ஓய்வு வேண்டும். மருத்துவர் இதைச் சொன்னால் அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவர்கள், கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் பிளேடு படாமல் இருப்பார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு கூடும், சிலர் அதோடு கைவிட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் உள்ளே சிக்கிய முடிகள் நீண்டு தாமாகவே வெளியே வரும், கட்டிகள் வற்றும். விரதம் முடித்துத் திரும்பியவர்கள் நேரே ரேசரை வைக்காமல், முதலில் டிரிம்மரால் குறைத்து, ஓரிரு நாள் விட்டு, பிறகு ஒரு தடவை மட்டும் சிரைக்கலாம். இல்லை, டிரிம்மரோடேயே நின்றுவிடலாம்.

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்

முகத்தில் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் மருந்துக் கடையில் ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டே நாளில் மாயம் போல அடங்கும். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொன்ன நாள்வரை தடவுவதில் தவறில்லை. சொந்த யோசனையில் வாரக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்து, பரு கிளம்பும். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரியும், அதனால் மறுபடி தடவச் சொல்லும். இருப்பது படர்தாமரை என்றால் மேலே அடங்கியதுபோல் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் பரவும். இந்தியாவில் 2018-ல் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. 'மூன்று மருந்து, ஒரே கிரீம்' என்று வரும் டியூபையும், சிவப்பழகு தருவதாகச் சொல்லும் டியூபையும் வாங்கும் முன் திருப்பிப் படியுங்கள்.

சீழ் வைத்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வட்டமாகப் படர்ந்தாலோ, தழும்பு தடித்து எழும்பினாலோ, பிளேடை நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் கட்டி குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், சீழ் கண்டதுமே போய்விடுங்கள். லேசரில் முடியைக் குறைத்துக்கொள்வதும் ஒரு வழி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. பல தடவை போக வேண்டியிருக்கும், செலவும் உண்டு, அழகு நிலையத்தில் தள்ளுபடிக்குக் கிடைக்கிறது என்று போகாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்றைக்கும் அதற்கு முந்தின இரண்டு நாளும் சவரம் செய்யாதீர்கள். முடி எந்தப் பக்கம் வளைகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். முகத்தில் எதையும் பூசாமல், பயன்படுத்தும் கிரீம், லோஷன், டை, மருந்துக் கடை டியூப் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.